விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் போனை என்ன செய்வது? முதல் தடவை பறப்பவர்களுக்கு

போன தை மாதம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் போன், போனின் முதுகில் ரப்பர் பேண்ட் போட்டு ஆதார் அட்டையும் போர்டிங் பாஸும். பணிப்பெண் அறிவிப்பைச் சொல்லி முடித்ததும் ஆளாளுக்குப் போனை எடுத்து எதையோ தட்டினார்கள். அவர் என் பக்கம் குனிந்து, "தம்பி, எல்லாரும் என்னமோ அமுக்குறாங்களே, நாம என்ன செய்யணும்?" என்றார். ஃபிளைட் மோடில் போடணும் ஐயா என்றேன். போனை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, "போட்டா நம்பர் போயிருமா? மறுபடி வருமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எதற்காக, எப்போது, எதை அணைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அறிவிப்பு வேகமாக ஓடிவிடுகிறது, விமானமும் கூடவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அவருக்குச் சொன்னதையும், நேரம் இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதையும் இங்கே எழுதுகிறேன். நம் ஊர் உள்நாட்டு விமானங்களை மனதில் வைத்து எழுதியது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் விதி. 2014 ஏப்ரல் வரை இந்திய விமானங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாக் கருவிகளையும் முழுதாக அணைக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதைத் தளர்த்தியது. ஃபிளைட் மோடில், அதாவது சிக்னலை மட்டும் நிறுத்தி வைக்கும் நிலையில், இருந்தால் போனையும் டேப்லெட்டையும் பயணம் முழுக்கப் பயன்படுத்தலாம் என்றானது. அமெரிக்கா 2013 அக்டோபர் கடைசியிலும் ஐரோப்பா அதே வருடம் டிசம்பரிலும் இப்படி மாறியிருந்தன. ஆக, "போனை அணைச்சிடுங்க" என்று இன்னும் சொல்கிற உறவினர் பழைய விதியைச் சொல்கிறார். விதி எப்படி இருந்தாலும் விமானத்துக்குள் கடைசி வார்த்தை பணியாளர்களுடையது. அவர்கள் அணைக்கச் சொன்னால் அணைக்க வேண்டும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

பாதி வேலை வீட்டில்தான். போனில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். பார்க்க நினைக்கும் படத்தையும் கேட்க நினைக்கும் பாட்டையும் வைஃபை இருக்கும்போதே இறக்கி வையுங்கள். நம் உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் இணையம் கிடையாது. போர்டிங் பாஸ் போனில் வந்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்க வேண்டி வராது.

தினமும் அடிக்கும் அலாரம் பயண நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஃபிளைட் மோட் சிக்னலை மட்டும்தான் நிறுத்தும், அலாரம் அடிக்கத்தான் செய்யும். விடிகாலை விமானம் ஒன்றில் என் அம்மாவின் பழைய போன் தலைக்கு மேலே, பூட்டிய தட்டுக்குள், பைக்குள், சேலைக்குள் இருந்தபடி சுப்ரபாதம் பாடத் தொடங்கியது. சீட் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் எழுந்திருக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று நான்கு தடவை பாடியது. நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து பவர் பேங்க். இதில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கவுன்டரில் போடும் பெட்டிக்குள் பவர் பேங்க் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் பற்றினால் யாராலும் கிட்டே போக முடியாது, கண்ணெதிரே பற்றினால் அணைக்க ஆள் இருக்கிறது. அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-ஹவர் (Wh) வரை என்றால் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை.

வாட்-ஹவர் எவ்வளவு என்று பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். பவர் பேங்கில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் போதும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-ஹவர், 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, அதாவது கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே. 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் 111 ஆகிவிடும். அதை எடுத்துக்கொண்டு போய் செக்யூரிட்டியில் வாதாடாதீர்கள். எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பவர் பேங்க், நடுவில் உப்பியிருக்கும் பவர் பேங்க் இரண்டையும் வீட்டிலும் வைத்திருக்க வேண்டாம்.

2025 ஜனவரி கடைசியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து மேற்கூரை எரிந்துபோனது. தீ பின்பகுதியில், தலைக்கு மேலே பைகள் வைக்கும் தட்டில் தொடங்கியது; பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதிலிருந்து பல நிறுவனங்கள் விதியை இறுக்கிவிட்டன. தென்கொரியா அந்த வருடம் மார்ச் முதல் மேல்தட்டில் பவர் பேங்க் வைப்பதைத் தடுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே நிறுத்தியது. எமிரேட்ஸ் அக்டோபரில் அதே வழிக்கு வந்தது. இந்த விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். என் பழக்கம், பவர் பேங்க் என் காலடியில் இருக்கும் பையில், தனி உறையில், கேபிள் மாட்டாமல்.

இருக்கையில் உட்கார்ந்ததும்

வீட்டுக்குப் பேச வேண்டியதைக் கதவு மூடும் முன் பேசி முடியுங்கள். கதவு மூடியதாக அறிவிப்பு வந்ததும் ஃபிளைட் மோட். ஆண்ட்ராய்டு போனில் திரையின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் குட்டிக் குட்டிக் கட்டங்கள் வரும். அதில் விமானப் படம் போட்ட கட்டத்தைத் தொடுங்கள். ஒரு இழுப்பில் தெரியாவிட்டால் இன்னொரு இழுப்பு. ஐபோனில் வலது மேல் மூலையிலிருந்து இழுக்க வேண்டும். வட்டப் பொத்தான் உள்ள பழைய ஐபோன் என்றால் அடியிலிருந்து மேலே. திரையின் உச்சியில் சிக்னல் கோடுகள் மறைந்து சின்ன விமானம் தெரிந்தால் வேலை முடிந்தது. இரண்டு சிம் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பட்டன் போனில் மெனுவைத் தோண்டிக்கொண்டிருக்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதுதான் சுலபம்.

நம்பர் போகாது, பேலன்ஸ் போகாது, வாட்ஸ்அப் அழியாது. அந்த நேரத்தில் அனுப்பும் செய்தி கடிகாரச் சின்னத்தோடு காத்திருந்து, இறங்கியதும் தானாகப் போய்விடும். பெரியவரிடம் இதைச் சொல்லி, ஒரு தடவை போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

புளூடூத் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அது சில மீட்டர் தூரம் மட்டும் பேசும் மெல்லிய அலை. இயர்பட்ஸும் கைக்கடிகாரமும் பயன்படுத்தலாம் என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஃபிளைட் மோட் போட்டதும் சில போன்களில் புளூடூத்தும் நின்றுவிடும்; அதை மட்டும் தனியாகத் தட்டி எழுப்பிக்கொள்ளலாம். சிம் போட்ட கைக்கடிகாரம் என்றால் அதையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். போனில் போட்டால் கடிகாரத்துக்கும் போய்விட்டது என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. பெட்டிக்குள் போடும் ஏர்டேக் மாதிரியான தேடும் வில்லைகளை எதுவும் செய்ய வேண்டாம்.

காது கேட்கும் கருவி, பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் எதையும் கழற்றவோ அணைக்கவோ தேவையில்லை. கெடுபிடி உச்சத்தில் இருந்த காலத்திலும் அமெரிக்க விதி இவற்றை விலக்கியே வைத்திருந்தது. அதே விலக்குப் பட்டியலில் மின்சார ஷேவரும் இருக்கிறது. யார் எந்த அவசரத்தில் டேக் ஆஃபின்போது தாடி மழிக்கக் கேட்டார்களோ!

விமானம் ஓடத் தொடங்கியதும்

விபத்துகளில் பெரும்பங்கு மேலே கிளம்பிய முதல் 3 நிமிடத்திலும் தரையைத் தொடும் முன்னான 8 நிமிடத்திலும் நடப்பதாக விமானத்துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு. இருக்கையை நிமிர்த்து, ட்ரேயை மடி, ஜன்னல் திரையைத் திற, விளக்கை மங்கலாக்கு என்று அப்போது பாடாய்ப் படுத்துவதெல்லாம் இந்த 11 நிமிடத்துக்காகத்தான். போன் விதியையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் புரியும். அந்த நேரத்தில் உங்கள் கையும் காதும் காலடியும் காலியாக இருக்க வேண்டும்.

கை: ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் சட்டென்று பிரேக் போட்டு நின்றால் கையில் இருப்பது முன்னால் பறக்கும். 200 கிராம் போன் மடியில் விழலாம். ஒன்றரைக் கிலோ லேப்டாப் முன்வரிசைக்காரரின் பின்மண்டையைத் தேடிப் போகும். அதனால்தான் போனை வைத்துக்கொள்ள விடுபவர்கள் லேப்டாப்பை உள்ளே வைக்கச் சொல்கிறார்கள், இதற்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. லேப்டாப் மேல்தட்டுக்கோ முன் இருக்கைக்கு அடியிலோ போகட்டும். முன்னால் இருக்கும் துணிப் பையில் செருகினால் எடுக்கச் சொல்வார்கள்.

காலடி: சார்ஜர் கேபிளை இருக்கையில் உள்ள யூஎஸ்பி துளையிலிருந்து கழற்றிவிடுங்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஓட வேண்டி வந்தால் உங்கள் கேபிள் அவருக்குக் கயிறாக மாறும். எமர்ஜென்சி கதவு வரிசையிலும் முன்னால் இருக்கை இல்லாத முதல் வரிசையிலும் காலடியில் எதுவுமே வைக்கக் கூடாது. சின்னக் கைப்பைகூட மேலேதான் போக வேண்டும்.

காது: எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் இருப்பது இந்த இடத்தில்தான். விதி இயர்பட்ஸுக்கு இடம் கொடுத்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் கழற்றிவிடுவேன். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உள்ளே அறிவிப்பு ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது. பணியாளர்கள் மெகாஃபோனை வைத்தும் தொண்டை கிழியக் கத்தியும்தான் வழி சொன்னார்கள். சத்தத்தை முழுக்க அடைக்கும் ஹெட்ஃபோன் போட்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால், அவரை உலுக்கி எழுப்பச் செலவாகும் நொடிகள் பின்னால் நிற்பவர்களுடையவை. எல்லோரையும் 90 நொடியில் வெளியேற்ற முடிகிறதா என்று சோதித்துத்தான் ஒரு விமான மாடலுக்கு அனுமதியே தருகிறார்கள்.

குழந்தையோடு போகிறவர்கள் டேப்லெட்டை இந்த நேரத்தில் மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். அழுகை வரும். ஜன்னலைக் காட்டுங்கள். அரைக் கிலோ கண்ணாடிப் பலகை பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்க வேண்டாம்.

அப்புறம் அந்த அலை விஷயம்

ஒரு போன் சிக்னலால் விமானம் விழுந்துவிடுமா? விழாது. நூறு பேர் ஏறினால் ஃபிளைட் மோடை மறக்கிறவர் ஒருவராவது இருப்பார், விமானங்களும் நாள்தோறும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது?

கதை செல்போனுக்கு முந்தியது. 1960கள் வாக்கில் அமெரிக்காவில் பயணிகள் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு ஏறத் தொடங்கினார்கள். எஃப்எம் ரேடியோ என்பது அலையை வாங்க மட்டும் செய்யும் கருவி இல்லை. உள்ளே அதுவும் ஒரு அலையை உண்டாக்கும், அது கேட்கும் நிலையத்தைவிடப் பொதுவாக 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும். சென்னையில் 98.3 எஃப்எம் கேட்கும் பழைய ரேடியோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், 109.0 வரும். விமானத்துக்குத் திசை காட்டும் விஓஆர் என்ற தரைக் கருவிகளும், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவியும் பேசுவது 108இலிருந்து 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதே அலை வீதியில்தான். பயணி பாட்டுக் கேட்டால் விமானியின் முள் ஆடக்கூடும் என்ற பயத்துக்கு அந்தக் காலத்தில் அடிப்படை இருந்தது. தடை அங்கே முளைத்தது.

செல்போன் வந்தபோது கவலை வேறு பக்கமிருந்தும் வந்தது. 1991இல் பறக்கும் விமானத்திலிருந்து செல்போனில் பேசுவதைத் தடுத்தது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம். காரணம், தரையில் இருக்கும் டவர்கள் குழம்பிப்போகும். தெருவில் இருக்கும் போனுக்கு நாலைந்து டவர் தெரியும். மேலே போனால் ஒரே சமயத்தில் எக்கச்சக்க டவர் கண்ணில் படும், எதிலும் நிலைக்க முடியாது. போன் முழு பலத்தோடு கத்திக் கத்தித் தேடும். நீங்கள் இறங்கும்போது பேட்டரி காலி. விதிக்காக இல்லாவிட்டாலும் வாடகைக் கார் பிடிக்க வேண்டுமே என்றாவது ஃபிளைட் மோடைப் போடலாம்.

பழைய 2ஜி போன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்தால் அழைப்பு வரும் முன் "டிட்டிட் டிட்டிட்" என்று இரையுமே, நினைவிருக்கிறதா? அதே இரைச்சல் விமானியின் ஹெட்செட்டிலும் கேட்கும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் அவர் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அது காதுக்குள் கொசு.

5ஜி வந்தபோது புதிய விவாதம் ஒன்று கிளம்பியது. தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்று இறங்கும்போது அளந்து சொல்லும் ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்கா 5ஜிக்குக் கொடுத்த அலை வீதி 3.98 வரை நீள்வதால் 2022 ஜனவரியில் அங்கே பெரிய ரகளை, விமானங்கள்கூட ரத்தாயின. இந்தியாவில் அந்த 5ஜி வீதி 3.3இல் தொடங்கி 3.67இல் முடிகிறது, நடுவே இடைவெளி தாராளம்.

ஃபிளைட் மோட் போதும் என்பதற்கு மூடுபனி மட்டும் விதிவிலக்கு. டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்குப் போனால் ஓடுபாதையே தெரியாத வெண்மைக்குள் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை இறக்குவார்கள். அந்த மாதிரி நேரத்தில் "எல்லாக் கருவிகளையும் முழுதாக அணையுங்கள்" என்று அறிவிப்பு வரலாம். அப்போது ஃபிளைட் மோடில்தான் இருக்கிறதே என்று சட்டம் பேசாமல் அணைத்துவிடுங்கள்.

பக்கத்து ஆள் கேட்காமல் போனில் பேசிக்கொண்டே இருந்தால்? ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் பணியாளரிடம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். போலீஸ் வேலை நமக்கு வேண்டாம்.

மேலே போன பிறகு

சுமார் 10,000 அடி தாண்டியதும் ஒரு மணி ஒலிக்கும். அதன்பின் லேப்டாப்பை எடுக்கலாம், ட்ரேயை விரிக்கலாம். அதுவரை விமானிகளும் தங்களுக்குள் தேவையில்லாத பேச்சுப் பேசக் கூடாது என்பது விதி. வைஃபை உள்ள விமானம் என்றால் ஃபிளைட் மோடை எடுக்காமலேயே வைஃபையை மட்டும் போடுங்கள். நிறையப் பேர் ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு, நெட் வரவில்லை என்று திட்டுவார்கள்.

வெளிநாட்டு விமானத்தில் இதற்கு இன்னொரு விலை உண்டு. சில விமானங்களுக்குள்ளேயே குட்டி செல்போன் டவர் இருக்கிறது. ஃபிளைட் மோட் போடாத போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டால் அது ரோமிங். ஊர் திரும்பியதும் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

ஒரு சின்ன சந்தோஷம் சொல்கிறேன். ஜிபிஎஸ் அலையை வாங்க மட்டும் செய்யும், அனுப்பாது. ஃபிளைட் மோடிலும் அது வேலை செய்யும். வீட்டிலேயே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்து, போனை ஜன்னலோரம் பிடியுங்கள். நீலப் புள்ளி பாலாற்றைத் தாண்டுவதையும் அப்புறம் காவிரியைத் தாண்டுவதையும் பார்க்கலாம். பெரியவரிடம் காட்டினேன். "திருச்சி மேலயா போறோம்? என் தம்பி வீடு கீழ இருக்கு" என்று எட்டிப் பார்த்தார். மேகம்தான் தெரிந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால்

இதை யாரும் முதல் தடவைக்காரர்களிடம் சொல்வதில்லை. போன் இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் வழுக்கி விழுந்தால் இருக்கையைச் சாய்க்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். கையை விட்டுத் துழாவவும் வேண்டாம். இருக்கையின் இரும்புக் கம்பி போனை நசுக்கினால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி கிழிந்து பற்றிக்கொள்ளும். அப்படியே உட்கார்ந்து பணியாளரை அழைக்கும் பொத்தானை அழுத்துங்கள். எனக்கு இது ஒரு தடவை நடந்தது. பணிப்பெண் வந்து முதலில் கேட்டது, "சீட்டை அசைச்சீங்களா சார்?" என்றுதான். இல்லை என்றதும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, டார்ச் அடித்து, அடியிலிருந்து இரண்டு விரலால் உருவி எடுத்துக் கொடுத்தார். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், எங்கேயும் ஓடிப்போகாது.

போனோ பவர் பேங்கோ கை வைக்க முடியாத அளவு சுட்டால், உப்பினால், இனிப்பு கலந்த கெமிக்கல் நாற்றம் அடித்தால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள். பைக்குள் திணிப்பதும் போர்வை போட்டு மூடுவதும் இருப்பதிலேயே மோசம். 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் மேல்தட்டிலிருந்து புகை வந்தது. திறந்தால் பைக்குள் ஒரு சாம்சங் நோட் 2 போன். பணியாளர்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, போனைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாக மீனம்பாக்கத்தில் இறங்கியது. புகையைப் பார்த்ததும் பயணிகள் உடனே சொன்னதுதான் பாதி உதவி. 2025 அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூர் கிளம்பவிருந்த விமானத்தில், இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் இருந்த பவர் பேங்க் தரையில் ஓடும்போதே பற்றியது. கண்ணெதிரே இருந்ததால் உடனே அணைத்துவிட்டார்கள்.

படம் எடுப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஜன்னல் வழியாக இறக்கையையும் மேகத்தையும் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் புனே, விசாகப்பட்டினம், கோவா டாபோலிம், லே மாதிரி ராணுவத்தோடு பகிர்ந்துகொள்ளும் விமான நிலையங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். அறிவிப்பும் வரும். பணியாளர்களைக் கேட்காமல் படம் பிடிப்பது எங்கேயுமே மரியாதையில்லை.

இறங்கும்போது

இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் கிளம்பும்போது செய்ததையே திரும்பச் செய்யுங்கள். லேப்டாப் உள்ளே, கேபிள் கழற்றி, இயர்பட்ஸ் டப்பாவில், போன் பையில். தூங்கப் போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே இதை முடித்துவிட்டுத் தூங்கினால் பணியாளர் தோளைத் தட்ட வேண்டியிருக்காது.

சக்கரம் தரையைத் தொட்ட அடுத்த நொடி போனை எடுப்பது நம்மவர்களின் தேசிய வழக்கம். விமானம் அப்போதும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும் போனைப் போடலாம் என்று அறிவிப்பு வரும், அதுவரை பொறுங்கள். பிறகு அதே விமானப் படத்தைத் தொட்டால் அரை நிமிடத்தில் சிக்னல் கோடுகள் வந்துவிடும். வராவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பேசுவதை உட்கார்ந்தபடியே பேசுங்கள். சீட் பெல்ட் விளக்கு அணையும் வரை எழுந்திருக்கக் கூடாது.

எழுந்திருக்கும் முன் முன்னால் உள்ள துணிப் பைக்குள் கையை அடி வரை விட்டுத் துழாவுங்கள். போன், கண்ணாடி, இயர்பட்ஸ் டப்பா எல்லாம் தங்கிப்போவது அங்கேதான்.

மதுரையில் விமானம் ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும் பெரியவர் போனை என்னிடம் நீட்டவில்லை. தானே விரலால் மேலிருந்து இழுத்தார். ஒரு இழுப்பில் வரவில்லை, இன்னொரு இழுப்பு. விமானப் படத்தைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். கோடு ஒன்று வந்தது, இரண்டு வந்தது, உடனே மணி அடித்தது. "எறங்கிட்டேன்மா, எறங்கிட்டேன். இல்ல, போனை நான்தான் போட்டேன்" என்றார்.